ஆறாவது கோவிலுக்கும் ஏழாவது கோவிலுக்கும் நடுவே

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் மகாசிவராத்திரி என்பது கண்விழிக்கும் இரவு மட்டுமன்று. ஓடும் இரவும் ஆகும். முன்சிறைக்கு அருகிலுள்ள திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று சென்று திருநட்டாலத்தில் நிறைவுறும் 12 சிவாலயங்களையும் அடியவர்கள் ஓடியே தரிசிக்கின்றனர். சிவராத்திரிக்கு முந்திய நாள் மாலை புறப்படுவோர் மறுநாள் இரவு கடைசிக் கோவிலை அடைவர். வழியின் நீளம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். காவி அல்லது மஞ்சள் வேட்டி, கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுக்கும் காசுக்குமாக ஒரு சிறு பை, இவ்வளவே உடைமை. ஒவ்வொரு கோவிலிலும் ஆற்றிலோ குளத்திலோ மூழ்கி எழுந்து, ஈர வேட்டியோடு இறைவனைக் கண்டு, மீண்டும் ஓட வேண்டும். சிவாலய ஓட்டம் என்பது இதன் பெயர். ஆனால் ஓடுவோர் வாயில் ஒலிப்பதோ 'கோவிந்தா, கோபாலா' என்னும் நாமம். அதனால் அவர்களை ஊரார் 'கோவிந்தன்மார்' என்றே அழைப்பர்.

தக்கலைக்கு அருகே வாழும் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் தம் 38-ஆம் வயதில் முதன்முதலாக இவ்வோட்டத்தை ஓடினார். அதன்பின் ஓர் ஆண்டும் தவறியதில்லை. அதற்கெனவே ஆண்டு முழுவதும் விடியலில் எழுந்து, புத்தனாற்றுக் கால்வாய்க் கரையில் ஓடிப் பழகுவார். மழையோ பனியோ அவரைத் தடுத்ததில்லை. ஆண்டு இறுதியில் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதுவார்: இத்தனையாவது ஓட்டம் நிறைவு. அவ்வாறு 27 வரிகள் சேர்ந்திருந்தன.

கடந்த மாசியில் ஓடியது 28-ஆவது ஓட்டம். திருமலையில் புறப்பட்டு, இரவெல்லாம் ஓடி, பொன்மனையில் பொழுது புலர்ந்தது. கிராத மூர்த்தியாய்ச் சிவபெருமான் விளங்கும் பன்னிப்பாகத்தில் வழிபாடு முடித்துக் கல்குளம் நோக்கி ஓடினார். கல்குளம் அவருடைய சொந்த ஊர்க் கோவில். வீட்டுக்குப் போவது போன்ற ஓட்டம் அது. கால்வாயைக் கடக்கும் சிறு பாலத்தருகே ஈரக்கால் வழுக்கியது. விழுந்த வேகத்தில் வலக் கணுக்கால் மடங்கி எலும்பு முறிந்தது.

கோவிந்தன்மார் கூட்டம் நிற்காது; நிற்கவும் கூடாது. ஆயினும் இரண்டு இளைஞர்கள் நின்றார்கள். முன்பின் அறியாதவர்கள். அவரைத் தூக்கிச் சாலையோர வீட்டுத் திண்ணையில் கிடத்தினார்கள். அந்த வீட்டு மூதாட்டி அவர் கையிலிருந்த பனையோலை விசிறியை வாங்கி, ஆட்டோ வரும்வரை விசிறிக்கொண்டேயிருந்தார். இளைஞர்கள் இருவரும் அவரோடு ஆட்டோவில் ஏறினர். கல்குளத்தில், நீலகண்டசுவாமி கோவிலின் உயர்ந்த கோபுரத்தின்கீழ் வண்டி நின்றது. ஒருவர் இறங்கி உள்ளே ஓடித் திருநீறு வாங்கி வந்து நெற்றியில் இட்டார். "சாமி, ஏழாவது கோவிலும் பார்த்தாச்சு, கவலப்படாதீங்க" என்றார். மருத்துவமனையில் மனைவி வந்து சேர்ந்தபின்பே இருவரும் விடைபெற்றனர். அவர்களுடைய பெயரைக் கேட்டுக்கொள்ளும் நிலையில் யாரும் இல்லை. அவர்கள் தங்கள் ஓட்டத்தை நிறைவு செய்தார்களா என்பதும் அவருக்குத் தெரியாது.

அறுவை செய்து எலும்பில் தகடும் திருகாணிகளும் வைத்தார்கள். ஆறு வாரம் வலக்காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று கட்டளை.

28 ஆண்டுகளாக ஓடிய ஒருவருக்கு ஆறு வாரம் கட்டிலில் கிடப்பது என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. வலி மாத்திரைக்கு அடங்கிற்று, மனம் அடங்கவில்லை. இனி ஓட முடியுமா என்று மருத்துவரிடம் இருமுறை கேட்டார். நடக்கலாம், மெதுவாக ஓடவும் கூடும், நூறு கிலோமீட்டரை மறந்துவிடுங்கள் என்பது விடை. அன்றிரவு அவர் உண்ணவில்லை என்று மனைவி பிற்பாடு உறவினரிடம் சொன்னார். பன்னிரண்டில் ஆறு கண்டாயிற்று, ஆறு கிடைக்கவில்லை. பாதியில் கலைந்த விரதம் பலன் தருமா என்று வந்தவரையெல்லாம் கேட்டபடியிருந்தார்.

அந்நாட்களில்தான், சிறுவயதிலிருந்து கேட்டுவந்த கதை அவர் நினைவில் புதிதாகத் திரும்பியது. தருமர் நடத்திய வேள்விக்காகப் புருஷா மிருகத்தின் பாலைக் கொண்டுவரும்படி பீமனை அனுப்பினார் கண்ணன். பாதி மனிதனும் பாதி விலங்குமான அந்தப் புருஷா மிருகமோ பெரும் சிவபக்தன். திருமாலின் நாமம் செவியில் விழுந்தாலே சினம் கொள்வது. ஆபத்து நேர்ந்தால் கீழே போடும்படி 12 ருத்திராட்சங்களைப் பீமன் கையில் கொடுத்தனுப்பினார் கண்ணன். 'கோவிந்தா, கோபாலா' என்று கூவியபடி பீமன் பால் பெற நெருங்க, அது துரத்தலாயிற்று. பிடிபடும் வேளையில் பீமன் ஒரு ருத்திராட்சத்தை நிலத்தில் இட்டான். அது சிவலிங்கமாயிற்று. லிங்கத்தைக் கண்டபின் அதைக் கடந்து ஓட ஒரு சிவபக்தனால் முடியுமா? புருஷா மிருகம் நின்றது, நீராடிப் பூசித்தது, மீண்டும் துரத்தியது. இவ்வாறு 11 லிங்கங்கள் தோன்றின. பன்னிரண்டாவது இடத்தில் பீமனின் ஒரு கால் தன் எல்லைக்குள்ளும் மற்றொரு கால் புருஷா மிருகத்தின் எல்லைக்குள்ளும் இருந்தபோது அது பிடித்துக்கொண்டது. வழக்கு தருமரிடம் சென்றது. தம்பி என்றும் பாராமல், பீமனின் உடலில் பாதி புருஷா மிருகத்துக்கு உரியது என்று அவர் தீர்ப்பளித்தார். அந்தக் கடைசி ருத்திராட்சம் விழுந்த திருநட்டாலத்தில் சிவனும் திருமாலும் ஒன்றென அறிந்து புருஷா மிருகத்தின் பகை தீர்ந்தது.

இத்தனை ஆண்டும் அவர் தம்மைப் பீமனாகவே எண்ணி ஓடியிருந்தார். ஓடுவோர் எல்லோரும் அப்படித்தான் எண்ணுவர். கட்டிலில் கிடந்தபோது அவர் கவனம் புருஷா மிருகத்தின்மேல் சென்றது. ஓடிய பீமன் எந்த லிங்கத்தையும் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டையும் கண்டு பூசித்தது, ஓட்டத்தை ஒவ்வொரு முறையும் நிறுத்திக்கொண்ட அந்தப் பிராணிதான். 'எனக்குப் பன்னிப்பாகத்துக்கும் கல்குளத்துக்கும் நடுவே ஒரு ருத்திராட்சம் விழுந்திருக்கிறது' என்று நாட்குறிப்பில் எழுதினார். வேடிக்கையும் அவரை விட்டுப் போகவில்லை. கட்டுப்போட்ட வலக்காலைக் காட்டி, "தருமர் தீர்ப்புப்படி இந்தப் பாதி எனக்கில்லை" என்று பேரனிடம் சொல்வார்.

இனிச் சொல்ல வேண்டியது பாட்டைப் பற்றி. கட்டு அவிழ்த்தபின் இயன்முறை மருத்துவர் வந்து, பாதத்தை மேலே மடக்கிப் பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்லக் கீழே விடும்படி கற்பித்தார். வலி மூண்டபோது அவருடைய எண்ணிக்கை ஆறிலேயே பத்தாகிவிடும். இதை இரண்டு நாள் கவனித்த மனைவி, அருகில் அமர்ந்து, "பத்தா? அப்ப மிசிர ஜம்பை" என்று தொடையில் தாளமிட்டார். ஏழும் ஒன்றும் இரண்டும் சேர்ந்த அந்தக் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. "சரி, ஆதி தாளமே போதும், லகுவுக்கு மேலே, ரெண்டு திருதத்துக்குக் கீழே" என்று சொல்லி அந்த அம்மையார் பாடத் தொடங்கினார்.

பாடியது நீலகண்ட சிவனின் கீர்த்தனை. அவரைப் பற்றி இங்கு ஒரு சொல் கூறாமற் செல்வது முறையன்று. 1839 முதல் 1900 வரை வாழ்ந்த அந்த மகான் பத்மநாபபுரத்தில் வளர்ந்தவர். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். கல்குளம் நீலகண்டசுவாமியையே இஷ்ட தெய்வமாகக் கொண்டு தமிழில் உருகிப் பாடியவர். சிவகிருபை என்று வருமோ என ஏங்கும் அவருடைய முகாரி ராகக் கீர்த்தனையைக் கேளாத கச்சேரி ரசிகர் இரார். திருவனந்தபுரத்தில் சிறுவனாக இருந்தபோது அவருடைய பஜனையைக் கேட்டு உள்ளம் பறிகொடுத்தவர்தான் பின்னாளில் பாபநாசம் சிவன் எனப் போற்றப்பட்டார். சென்னை மயிலாப்பூரின் மாட வீதிகளில் மார்கழி விடியலில் பாபநாசம் சிவன் ஆண்டுதோறும் நடத்திய பஜனைக்கு ஒரு விதை, இந்தக் கல்குளத்துக் கோவில் வாசலில் இருந்து சென்றது எனலாம்.

அம்மையார் சிறுமியாக இருந்தபோது ஒரு பாகவதரிடம் ஏழாண்டு பயின்றவர். மணமாகி, பிள்ளைகள் பிறந்தபின் மேடை என்று எதுவும் இல்லை. ஆனால் பாட்டு நின்றிருக்கவில்லை. கணவர் விடியலில் ஓடச் சென்றபின், வாசல் தெளித்துக் கோலமிட்டு, அடுப்பு மூட்டும்வரையுள்ள அந்த முக்கால் மணி நேரம் நாள்தோறும் தாமே பாடி வந்திருக்கிறார். அண்டை வீட்டார் அனைவருக்கும் இது தெரியும். 28 ஆண்டுகளாக அந்நேரத்தில் கால்வாய்க் கரையில் இருந்த ஒருவருக்கு மட்டுமே தெரியாது.

பங்குனி, சித்திரை இரு மாதமும் கணுக்கால் ஆதி தாளத்தில் அசைந்தது. நடைதாங்கியைப் பிடித்துக் கூடத்தில் முதல் பத்தடி நடந்தபோதும் பாட்டு உண்டு. வைகாசியில் அதே நடைதாங்கியோடு கல்குளம் கோவிலுக்குச் சென்றார்கள். நீலகண்டர் சந்நிதியில் அம்மையார் மெல்லிய குரலில் பாடினார். பூசை செய்பவர் மணியை நிறுத்திவிட்டுக் கேட்டாராம். அதன்பின் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. எஞ்சிய கோவில்களை, கால் இடம் கொடுக்கும் அளவில், ஒவ்வொன்றாகச் சென்று காணலாம் என்பது அது. ஆனியில் ஊன்றுகோலுடன் மேலாங்கோடு. ஆடியில் சடையப்பர் உறையும் திருவிடைக்கோடு. ஆவணி முழுவதும் வீக்கம், எங்கும் செல்லவில்லை. புரட்டாசியில் திருவிதாங்கோடு. ஐப்பசி மழையில் மீண்டும் ஓய்வு. கார்த்திகையில் ஊன்றுகோல் இல்லாமல் திருப்பன்றிக்கோடு. பேருந்தில் சென்று, கடைசி ஒரு கிலோமீட்டரை மட்டும் நடந்தார்கள். "இது ஓட்டம் ஆகுமா?" என்று அம்மையார் கேட்டார். ஆகாது என்றார் அவர். ஓட்டத்தை ஓட்டமாகவே ஓட வேண்டும் என்பதில் அவருக்கு இன்றும் மாற்றமில்லை. மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஒரே நாளில் பன்னிரண்டையும் சுற்றிவருவோரை அவர் குறை சொல்வதில்லை. ஆனால் அதற்கு அந்தப் பெயர் வேண்டாம் என்பார். சரியான பேச்சுதான்.

இப்போது மார்கழி. மானிடரின் ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்றும், அதில் மார்கழி அவர்களுடைய விடியற்காலை என்றும் பெரியோர் கூறுவர். ஆங்கில ஆண்டு முடிவதும் இம்மாத நடுவில்தான். ஊர்ப் பெண்கள் ஒரு வீட்டுக் கூடத்தில் விடியற்காலையில் கூடித் திருவெம்பாவையும் திருப்பாவையும் பாடுகின்றனர். இவ்வாண்டு அவர்களுக்கு முன்னின்று பாடுபவர் அம்மையார். அவர் கால்வாய்க் கரைக்குச் செல்வது அந்தப் பாட்டு முடிந்தபின்தான். ஐம்பது அடி ஓட்டம், நூறடி நடை, வெயில் ஏறியிருப்பதால் வழியில் ஆள்கள் எதிர்ப்படுகிறார்கள், நின்று பேசுகிறார்.

நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் 28-ஆவது வரியை எப்படி எழுதுவது என்று பல நாள் யோசித்தார். 'நிறைவு' என்று எழுதக் கை வரவில்லை. முடிவில் எண்ணை விடுத்து, நன்றி செலுத்த வேண்டியவர்களை எழுதினார். விசிறிய மூதாட்டி: அவரைத் தீபாவளிக்கு முன் சென்று கண்டு, புடவையும் பழமும் வைத்து வணங்கியாயிற்று. ஆட்டோ ஓட்டுநர்: அன்று வாடகை வாங்க மறுத்தவர், அவர் மகளின் பள்ளிப் பாடங்களுக்கு வாரம் இருமுறை உதவி நடக்கிறது. மருத்துவர், இயன்முறை மருத்துவர், மனைவி. மனைவியின் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் இடம் விட்டிருக்கிறார். கடைசியாக, பெயர் தெரியாத இரண்டு இளைஞர்கள்.

அவர்களைத் தேடாத இடமில்லை. தேடியும் கிடைக்காததால், வரும் மாசிக்கு ஒன்று முடிவாகியிருக்கிறது. திருவாதிரை கழிந்ததும் இருவரும் திருநட்டாலம் சென்று பன்னிரண்டாவது தரிசனத்தை முடிப்பார்கள். சிவராத்திரியன்று அவர் ஓடப்போவதில்லை. பாலத்தருகே, மூதாட்டியின் வீட்டுத் திண்ணையில், கோவிந்தன்மாருக்கு மோரும் சுக்குக் காப்பியும் கொடுக்கும் பந்தல் அமையும். அந்த இளைஞர்கள் மறுபடியும் ஓடினால் அவ்வழியேதான் வந்தாக வேண்டும். ஓடுகிறவர்கள் நிற்கமாட்டார்களே, முகம் எப்படித் தெரியும் என்று அவர் கவலைப்பட்டார்.

"நான் பாடிக்கிட்டிருப்பேன், நீங்க முகத்தப் பாருங்க" என்றார் அம்மையார்.

இரண்டு பெரிய அண்டாக்களுக்குச் சொல்லி வைத்தாயிற்று. மோருக்குப் பச்சை மிளகாய் வேண்டாம், ஓடுகிறவர் வயிற்றுக்கு ஆகாது, இஞ்சி போதும் என்பதில் மட்டும் இருவருக்கும் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.