மகள் கேட்ட மோட்டார் சைக்கிள்

"அம்மா, எனக்கு ஒரு பைக் வேணும்" என்று என் மகள் கேட்டபோது, நான் அடுப்பில் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஸ்கூட்டர்தான் இருக்கேடீ?" என்றேன். "ஸ்கூட்டர் இல்லம்மா, ஸ்போர்ட்ஸ் பைக்!" என்றாள். ரசம் பொங்கி வழிந்துவிட்டது.

மங்கையர் பத்திரிகையில் மோட்டார் சைக்கிள் பேச்சா என்று முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! இன்று என் வீட்டில் எழுந்த கேள்வி நாளை உங்கள் வீட்டிலும் எழலாம்.

என் வயிற்றில் புளியைக் கரைத்ததற்குக் காரணம் உண்டு. 1991-ல் என் தம்பி மோட்டார் சைக்கிளில் போனவன், சாலையோர மண்ணில் சறுக்கி விழுந்தான். தலையில் அடி. வீடு திரும்பவில்லை. அவனுடைய ஹெல்மெட் திண்ணைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கூடவே கூடாது" என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அடுத்த வீட்டு அக்கா, "உன் பொண்ணு பைபாஸ்ல பைக் ஓட்டிட்டுப் போனாளே, பார்த்தேன்" என்றார். ஆபீஸ் தோழியின் வண்டியாம். தலையில் ஹெல்மெட் இல்லை. கியர் வண்டிக்கு லைசென்ஸும் இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நான் மறுத்ததால் அவள் ஓட்டாமல் இருக்கவில்லை. எனக்குத் தெரியாமல் ஓட்டினாள், அவ்வளவுதான்.

மறுநாள், "நானும் வந்து பார்க்கிறேன்" என்றேன். இவர் என்னை வியப்புடன் பார்த்தார்.

அவள் முதலில் ஆசைப்பட்டது 650 சிசி வண்டி. எடை 200 கிலோவை ஒட்டி, விலையும் எங்களுக்கு எட்டாதது. பிறகு பார்த்தது நம் ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310. கடைப் பையன் வேகத்தைப் பற்றியே பேசினான். "வேகம் இருக்கட்டும் தம்பி, எப்படி நிக்கும்னு சொல்லுப்பா" என்றேன்.

முதலில் உயரம். கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து அளந்தேன். இருக்கை 81 சென்டிமீட்டர். ஏறக்குறைய நம் சமையல் மேடை உயரம். ஐந்தடி மூன்றங்குல மகளுக்கு இரண்டு பாதமும் முழுதாகப் படியவில்லை. ஆனால் ஒரு காலை நன்றாக ஊன்றி நிற்க முடிந்தது.

அடுத்து எடை, 174 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஏழு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்தடி பின்னால் தள்ளச் சொன்னேன். முகம் சிவந்தாலும் தள்ளிவிட்டாள்.

பிறகு பிரேக். திடீரென்று அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அப்படிப் பூட்டாமல், விட்டு விட்டுப் பிடிக்கும் ஏபிஎஸ் இரண்டு சக்கரத்துக்கும் இருக்கிறது. மணலில் இதுவும் ஓரளவுதான் காப்பாற்றும் என்பதை மறக்கக் கூடாது. அவசரத்தில் கியரைக் குறைத்தால் பின்சக்கரம் துள்ளாமலிருக்க ஸ்லிப்பர் கிளட்ச். மழையில் வேகத்தைச் சற்று அடக்கித் தரத் தனி ஏற்பாடு. புதிதாக ஓட்டுபவர்களுக்கு இவையெல்லாம் நல்லவை.

ஆனால் சக்தி? எங்கள் ஸ்கூட்டர் எட்டுக் குதிரைத் திறனைத் தாண்டாது. இந்த வண்டி 2017 டிசம்பரில் வந்தபோதே 34; 2024-ல் செய்த மாற்றத்துக்குப் பிறகு 38. நாலைந்து மடங்கு! ஸ்கூட்டரிலிருந்து இறங்கி நேராக இதில் ஏறுவது புத்திசாலித்தனமல்ல.

குறைகளும் உண்டு. சற்று முன்னால் குனிந்தே ஓட்ட வேண்டும். பழகும்வரை மணிக்கட்டும் முதுகும் வலிக்கும். பின் இருக்கை சிறியது. பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி, பின்சக்கரத்தில் பாதியையாவது காப்பு மூட வேண்டும் என்பது விதி. அதையும் கேட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தாலும் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகும் வண்டியல்ல இது!

வீட்டுக்கு வந்து நிபந்தனை போட்டேன். அப்பாவின் பழைய 100 சிசி கியர் வண்டியில் மூன்று மாதம் பழக வேண்டும். கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும். முதல் மாதம் இரவிலும் மழையிலும் எடுக்கக் கூடாது. வண்டி விலையோடு ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, தடித்த ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் பணம் சேர்த்த பிறகே முன்பணம் கட்ட வேண்டும்.

"எல்லாத்துக்கும் சரிம்மா" என்றாள். சொன்னபடியே செய்தாள். பணம் சேர எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அவள் அவசரமும் தணிந்தது, என் பயமும் கொஞ்சம் தணிந்தது.

பிள்ளைகள் வண்டி கேட்டால், எடுத்த எடுப்பில் மறுக்காதீர்கள். கேட்டவுடன் வாங்கியும் கொடுக்காதீர்கள். கூடவே போய்ப் பாருங்கள். எவ்வளவு வேகம் போகும் என்பது அவர்கள் கேள்வி. ஊன்றி நிற்க முடியுமா, தள்ள முடியுமா, சட்டென நிறுத்த முடியுமா என்பவை நம் கேள்விகள்.

வாசலில் ஓர் ஆணி அடித்திருக்கிறேன். சாவியும் ஹெல்மெட்டும் அதிலேதான். காலையில் அவள் கிளம்பும் சத்தம் கேட்டதும் ஓடிப் போய்ப் பார்க்கிறேன். ஆணி காலியாக இருந்தால்தான் எனக்குக் காப்பி இறங்குகிறது.