உப்புத் தண்ணியும் அரை அங்குல மரையும்

காலையில் தேத்தண்ணிக்காகக் கேத்திலை நீட்டிப் பைப்பைத் திருகிய ஆசிரியையின் கையோடு பைப்பே வந்துவிட்டது. மரையுள்ள அடிப்பகுதி முறிந்து சுவருக்குள் தங்கிவிட, அந்த ஓட்டையால் பீறிட்ட தண்ணீர் குசினி முழுவதையும் நனைத்தது. தாங்கியின் வால்வைப் பூட்டலாம் என்று வெளியே ஓடினால் அது அசையவே இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு மாமி ஓடிவந்து, பழைய துணி சுற்றிய மரக்கட்டையொன்றை ஓட்டைக்குள் அடித்து இறுக்கினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கட்டை அப்படியே இருந்தது. பழுதுபார்க்க வந்திருந்த பைப் பாஸ் அதை இன்னும் தொடவில்லை. முறிந்த துண்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருங்க ரீச்சர். பித்தளையெண்டா மஞ்சளா இரிக்கணும். இது செம்பு மாதிரிச் சிவந்து கிடக்கு. சுரண்டினாக் கொட்டுது."

அவர் சொன்னது வேதியியல் பாடப்புத்தகத்தில் உள்ள விடயம். பித்தளை செம்பும் நாகமும் கலந்த உலோகம். தண்ணீரில் குளோரைட்டு மிகுந்தால் நாகம் மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறும். எஞ்சி நிற்பது துளைகள் நிறைந்த செம்பு. பைப்பின் வடிவம் மாறாது, வெளிப்பூச்சும் பளபளவென்றே இருக்கும். வலு மட்டும் போய்விடும். ஆசிரியை அன்று வழக்கத்தைவிட ஒரு பலமும் கூட்டித் திருகவில்லை. பைப்பின் அடி எப்போதோ செத்துவிட்டது.

ஆசிரியை வாடகைக்கு இருக்கும் மண்டூரின் இருப்பிடத்தைப் பார்த்தால் இதில் வியப்பில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், போரதீவுப்பற்றுப் பிரதேசத்தில் இருக்கிறது ஊர். எதிர்க்கரையில் குருமண்வெளி. இரண்டுக்கும் நடுவே ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச்செல்லும் படகுப்பாதை. வாவி கடலோடு தொடுப்புள்ளது. அதன் நீர் உவர்நீர். வடகீழ்ப் பருவமழை பெய்து முடிந்த கையோடு கரையோரக் கிணறுகள் நன்னீராக நிற்கும். கோடை இறுகி நீர்மட்டம் இறங்கும்போது உப்பு ஏறும். அந்தத் தண்ணீரைத்தான் மோட்டார் தாங்கிக்கு ஏற்றுகிறது, தாங்கி குசினிக்கு அனுப்புகிறது.

பையைத் திறப்பதற்கு முன் பாஸ் கேட்ட கேள்விகளைக் கவனித்தேன். கிணறு வளவின் எந்தப் பக்கம்? கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? உடுப்புத் தோய்த்தால் சவர்க்காரம் நுரைக்கிறதா? மோட்டார் போட்டதும் முதல் தண்ணீரில் மணல் வருகிறதா? ஒரு வைத்தியர் நாடி பார்ப்பதுபோல அவர் தண்ணீரின் குணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். எந்தப் பைப்பை வாங்குவது என்பதைக் கடைக்காரரிடம் விடாமல் இந்தப் பதில்களிடமே விடுகிறார். இந்தத் தொழிலின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

நம் வீடுகளில் அதிகம் புழங்கும் திருகுப் பைப்பின் வயது பெரிது. இங்கிலாந்தின் ரொதர்ஹாம் நகரில் பித்தளை வார்ப்புத் தொழில் செய்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் நிறுவனம் 1845இல் அதற்குக் காப்புரிமை பெற்றது. தலையைத் திருகினால் தண்டு இறங்கும். தண்டின் முனையிலுள்ள வாசர், உள்ளே இருக்கும் வளையமான இருக்கையில் அமர்ந்து நீரை அடைக்கும். இன்றும் அடிப்படை அதுவே. ஆகவே சொட்டுகிற பைப்புக்குப் பெரும்பாலும் புதுப் பைப் தேவையில்லை. வாசரை மாற்றினால் போதும். வாசர் மாற்றியும் சொட்டினால் இருக்கை தேய்ந்திருக்கிறது என்று பொருள். மணல் வரும் கிணறென்றால் அது இன்னும் விரைவாகத் தேயும். பாஸ் ஒரு மரக்குச்சியின் முனையில் எமரிக் கடதாசியைச் சுற்றி, இருக்கையின் மேல் வைத்து உருட்டி உருட்டி மட்டமாக்குவார். அவரது பையில் அந்தக் குச்சிகள் பல தடிப்பில் இருந்தன.

சொட்டுத்தானே என்று விடுவது சரியில்லை. ஒரு சொட்டைக் கால் மில்லிலீற்றர் என்று கொண்டால், விநாடிக்கு ஒன்றாக விழுவது நாளொன்றுக்கு 21 லீற்றருக்கு மேல். ஊர்க் கிணற்றுத் தண்ணீருக்குப் பட்டியல் வராது. ஆனால் அதை மேலே ஏற்றும் மோட்டாருக்கு மின்பட்டியல் வருகிறது.

இந்த வீட்டில் வாசர் கதை முடிந்துபோனது. இனி உள்ளே முறிந்து நிற்கும் மரையை எடுக்க வேண்டும். தாங்கியிலிருந்த தண்ணீரைக் குளியலறைப் பைப்பைத் திறந்து வடியவிட்டு, மரக்கட்டையை உருவினார்கள். சுவருக்குள் இருப்பது பிவிசி எல்போ, அதன் வாயில் பித்தளை மரை. பழைய துண்டு அந்த மரையோடு இறுகிக் கிடந்தது. அதைப் பிடித்துத் திருகக் குறடுக்கு வழியில்லை. அடித்து உடைக்கலாம். அடி கொஞ்சம் தவறினால் எல்போ வெடிக்கும், பிறகு ஓடு உடைத்துச் சுவர் கொத்த வேண்டும். வாடகை வீட்டில் சுவரைக் கொத்துவது என்றால் அது வேறொரு வழக்கு.

பாஸ் கையை நீட்டினார். கூட வந்திருந்த அவரது மருமகன் ஒரு வார்த்தை கேட்காமல் அறுவை வாளின் அலகை மட்டும் கழற்றிக் கொடுத்தான். அலகின் பாதிக்குத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, முறிந்த துண்டின் உட்புறத்தில் நீளவாக்கில் அறுக்கத் தொடங்கினார். சிவந்த தூள் கொட்டியது. சற்று அறுப்பார், நிறுத்துவார், விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார், மறுபடி அறுப்பார். கண்ணால் பார்க்க முடியாத இடம். எல்போவின் மரையைத் தொடுவதற்கு மயிரிழை இருக்கும்போதே நிறுத்த வேண்டும்.

"எப்படி மாமா தெரியும்?" என்று மருமகன்தான் கேட்டான். எனக்கும் அதே கேள்வி இருந்தது.

"சத்தம் மாறும். பழசு கரகரக்கும். நல்ல பித்தளையில பட்டாக் கிறீச்செண்டும்."

எதிர்ப்பக்கத்திலும் ஒரு வெட்டு விழுந்தது. பிறகு சின்ன உளியால் துண்டை உட்பக்கமாக நெம்ப, அது மடிந்து இரண்டாகக் கழன்று வந்தது. எல்போவின் மரை காயமில்லாமல் இருந்தது. ஆசிரியை சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்றைய வேலையில் இதற்குத்தான் அதிக நேரம் போனது. பட்டியல் எழுதினால் இதற்கென்று ஒரு பொருளும் இராது. 'பைப் மாற்றியது' என்ற ஒரு வரிக்குள் இது மறைந்துவிடும்.

புதுப் பைப் எது? ஆசிரியைக்கு ஒற்றைக் கைப்பிடியும் வளைந்த கழுத்துமுள்ள பைப்பில் ஆசை. பாஸ் தலையாட்டவில்லை. பத்து மீற்றர் உயரத்துத் தண்ணீர்தான் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். இந்த வீட்டுத் தாங்கியோ குசினிப் பைப்பிலிருந்து நான்கு மீற்றர்கூட உயரமில்லை. அந்த வகைப் பைப்புகள் பலவற்றின் உள்வழிகள் ஒடுக்கமானவை. இங்கே பூட்டினால் தண்ணீர் நூலாக வரும். விலை குறைந்த உலோகப் பைப்புகளையும் அவர் ஒதுக்கினார். நாகக் கலப்பில் வார்த்துக் குரோமியப் பூச்சுப் பூசியவை இந்தத் தண்ணீரில் பித்தளையைவிடச் சீக்கிரம் போகும். கடைசியில் அவர் காட்டியது நல்ல தரத்துப் பிளாஸ்திக் திருகுப் பைப்.

பிளாஸ்திக்கைக் குசினியில் பூட்டுவது குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். வாவிக் கரையில் அந்த நினைப்பை மாற்றிக்கொள்வது நல்லது. உப்பு அதைத் தின்னாது, வெயில் படாத இடத்தில் நெடுநாள் உழைக்கும், விலையும் நூறுகளில் முடியும். 2022இல் ரூபாய் சரிந்தபோது, 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில வாரங்களிலேயே 350ஐத் தாண்டியது. கடைகளில் உலோகப் பைப்புகளின் விலையைக் கேட்டவர்கள் திரும்பி வந்தார்கள். கழித்துப் போட்ட பைப்புகளின் தலையையும் தண்டையும் சேர்த்து வைக்கும் வழக்கம் தனக்கு அப்போதுதான் வந்தது என்றார் பாஸ். அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் பெயின்ற் வாளி நிறைய அவை கிடக்கின்றன.

மரையில் திரெட் ரேப்பை வலஞ்சுழியாகச் சுற்றினான் மருமகன். முன்பு சணல் நாரும் பெயின்ற்றும் செய்த வேலை அது. இடஞ்சுழியாகச் சுற்றினால் பூட்டும்போதே உரிந்து வெளியே தள்ளும். கையால் இறுகும்வரை திருகிவிட்டு, மூக்கு நேரே கீழே பார்க்கும்வரை இன்னும் கொஞ்சம். மூக்கு தாண்டிவிட்டால் பின்னுக்குத் திருப்பக் கூடாது. திருப்பினால் ரேப்பின் பிடி விட்டுக் கசியும். கழற்றிப் புதிதாகச் சுற்ற வேண்டும். மருமகனுக்கு அன்று மூக்கு தாண்டிவிட்டது. மாமா ஒன்றும் பேசவில்லை, ரேப் சுருளை மறுபடி அவன் கையில் வைத்தார்.

இப்படித்தான் இந்தத் தொழில் கைமாறுகிறது. பாஸ் தன் தாய்மாமனிடம் பழகியவர், மருமகன் இவரிடம். ஆனால் வெளியூர் ஒப்பந்தத்துக்கோ வளைகுடா வேலைக்கோ போகிறவனிடம் சான்றிதழ் கேட்கிறார்கள். தேசிய தொழிற்தகைமை முறையில், வகுப்புக்குப் போகாமல் வேலையில் பழகியவர்களுக்கும் முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழி இருக்கிறது. படுவான்கரையின் பாஸ்மாரைத் தேடி அந்த மதிப்பீடு வரவேண்டும். அறுவை அலகின் சத்தத்தைக் கேட்டு உலோகத்தைப் பிரித்தறிகிறவருக்கு ஒரு தாள் இல்லாதிருப்பது எனக்கு மனவருத்தத்தையே தருகிறது.

காசு யார் கொடுப்பது? வீட்டுக்காரர் வெளிநாட்டில், திறப்பு அவரது தங்கை வீட்டில், உடன்படிக்கை வாய்ப்பேச்சில். வாசர் போன்ற சில்லறையைக் குடியிருப்பவரும் பெரிய பழுதை வீட்டுக்காரரும் பார்ப்பது ஊர் நடப்பு. இலங்கையின் வாடகை உறவுக்கு அடித்தளமான ரோமன் டச்சுச் சட்டமும், வீட்டைப் பாவிக்கத்தக்க நிலையில் வைத்திருப்பதை உரிமையாளரின் கடமையாகவே கொள்கிறது. ஆசிரியை முறிந்த துண்டையும் புதுப் பைப்பையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். துண்டின் சிவந்த முகம் தெரியும்படி எடுக்கச் சொன்னவர் பாஸ். பாவித்த பிழையா, தண்ணீரின் வேலையா என்ற வாக்குவாதத்துக்கு அந்த ஒரு படமே பதில்.

மறுமொழி சீக்கிரமே வந்தது. முழுக் காசையும் அடுத்த மாத வாடகையில் கழிக்கலாம். இறுகிப்போன வால்வையும் மாற்றிவிடுங்கள்.

வால்வுக்கு உடனே நாள் குறிக்க முடியவில்லை. மண்டூர் கந்தசுவாமி கோவில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஆவணிப் பூரணைத் தீர்த்தம்வரை வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள், மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கப்படும், இறுகிய பைப்புகளும் காய்ந்த வாசர்களும் ஒன்றாகக் கூப்பிடும். பாஸுக்கு ஆண்டில் அதிக வேலையுள்ள காலம் அது.

"முக்கால் அங்குல போல் வால்வு இஞ்சத்தக் கடையில இல்ல ரீச்சர். களுவாஞ்சிகுடியில எடுக்கணும். கொடியேத்தத்துக்கு முதல் வந்து போட்டுத் தாறன்" என்றவர், குசினிச் சுவரின் வெளிப்புறத்தில் தோள் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு கீறினார். புது வால்வு அங்கே வரும், ஏணி தேவைப்படாது. "மாசத்துக்கு ஒருக்கா அதப் பூட்டித் திறக்கணும். திறக்காம விட்டா அதுவும் சுண்ணாம்பு பிடிச்சு இறுகும்."