பல்லாவரமும் நம் ஊரே

சொந்த ஊர் எதுவென்று நம் பங்கு மக்களைக் கேட்டால், பல்லாவரம் என விடையளிப்போர் மிகச் சிலரே. ஒருவர் தூத்துக்குடி என்பார்; மற்றவர் விருத்தாசலம் என்பார். முப்பது ஆண்டுகளாக இங்கே வீடு கட்டி வாழ்பவரும், "ஊர் அங்கே, பிழைப்பு இங்கே" என்றே கூறுகின்றார். பிறந்த மண்மீது பற்றுக் கொள்வது நன்றே. ஆயினும், இங்கேயே திருமுழுக்குப் பெற்று வளரும் பிள்ளைகளுக்கு எது ஊர்? பெற்றோரின் ஊர் அவர்களுக்குக் கோடை விடுமுறை. பல்லாவரமோ வெறும் முகவரி. ஊரில்லாத ஒரு தலைமுறை உருவாவதை நாம் கவலையோடு காண்கிறோம்.

இசுராயேல் மக்கள் யோர்தானைக் கடந்தபின், ஆற்றிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை யோசுவா கில்காலில் நாட்டினார். பிற்காலத்தில் பிள்ளைகள் அவற்றைப் பற்றிக் கேட்கும்போது, பெற்றோர் நடந்ததை எடுத்துரைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க கற்கள் பல்லாவரத்திலும் உண்டு.

1863 மே 30 அன்று, இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர், பல்லாவரத்துப் படைவீரர் அணிவகுப்புத் திடலில் சரளை தோண்டிய குழியொன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது பழைய கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரி. அத்தகைய கருவி இந்தியாவில் அடையாளம் காணப்பட்டது அதுவே முதன்முறை. உலகின் வரலாற்று நூல்களில் நம் ஊரின் பெயர் இடம்பெற்றது அந்த ஒரு கல்லால்தான்.

அடுத்து, நம் குன்றில் குடையப்பட்ட குகைக்கோயில். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் பட்டப்பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஊரின் பெயரும் பல்லவபுரம் என்பதிலிருந்து வந்ததே. அக்குகை பிற்காலத்தில் இசுலாமியரின் வழிபாட்டிடமாயிற்று.

மூன்றாவது, குன்றின் கல்லே. கல்கத்தா நகரைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படும் யோபு சார்னாக்கின் கல்லறைப் பலகை இப்பகுதிக் குன்றுகளில் காணப்படும் கல்வகையைச் சேர்ந்தது. ஆகவே 1893-இல் நிலவியல் அறிஞர் ஆலந்து அக்கல்வகைக்கு 'சார்னோக்கைட்' எனப் பெயரிட்டார். புனித தோமையாரின் நினைவைத் தாங்கி நிற்கும் பரங்கிமலையும் இதே கல்லால் ஆனதே.

இவ்வூரின் பெருமையெல்லாம் வந்தவர்களால் வளர்ந்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மறைமலையடிகள் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். 1911-இல் பல்லாவரத்தில் குடியேறி, 1950-இல் இறக்கும்வரை இதையே தம் ஊராகக் கொண்டார். 1916-இல் அவர் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வளர்ந்தது இம்மண்ணில்தான். வெளியூரார் என்று அவரை இன்று எவர் சொல்வார்?

ஊரை ஊராகக் கருதாததால் விளையும் கேடு சிறிதன்று. சுற்றுக் குன்றுகள் பல கல்லுக்காக உடைக்கப்பட்டு, நீர் தேங்கிய பள்ளங்களாய்க் கிடக்கின்றன. பெரிய ஏரியைச் சாலை இரண்டாய்ப் பிளந்தது. குப்பையும் கழிவுநீரும் அதை மாசுபடுத்தின. 2021 முதல் பல்லாவரம் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. மாநகராட்சியோ அரசோ பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் இருந்துவிடுகிறோம். வாடகை வீட்டின் ஒழுகும் கூரையைக் குடியிருப்பவர் பார்ப்பது போலவே, நாம் ஊரின் ஏரியைப் பார்க்கிறோம்.

பெற்றோரே, வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறீர்கள். ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் குன்றுக்கும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே வழிபடும் அன்பர்களிடம் இசைவு பெற்று, அமைதியாக நின்று பார்க்கச் செய்யுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழைய கற்காலக் கருவிகளைக் காட்டி, அவற்றின் கதை நம் ஊரில் தொடங்கியதைச் சொல்லுங்கள். ஏரிக்கரையில் நிறுத்தி, அது ஏன் சுருங்கியது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீடு மந்திரிக்க வரும்போது, பிள்ளைகளிடம் மறைக்கல்விக் கேள்விகள் கேட்பது நம் வழக்கம். இனி, "உன் ஊர் எது?" என்ற கேள்வியும் அவற்றோடு சேரும்.