அன்றைய கணக்கு: பூஜ்யம்

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் போட்டது ஒரு பூஜ்யம். நீல மையில், கட்டத்துக்குள் அடங்கி, நல்ல உருண்டையாக. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான்.

வெயிலால் பாதிக்கப்பட்டு வந்தவர்கள் எத்தனை பேர், இறந்தவர்கள் எத்தனை பேர் என்று மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை தினமும் கணக்கு அனுப்ப வேண்டும். பருவநிலை மாற்றமும் மனித உடல்நலமும் பற்றிய தேசியத் திட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு. நான் வேலை பார்க்கும் திருச்சி மருத்துவமனையில் அவசரப் பிரிவின் கணக்கு என் பொறுப்பு. மூன்று கோடைகளாக அந்த நோட்டில் வரிசையாகப் பூஜ்யம்தான். நோட்டை மட்டும் பார்க்கிறவர், திருச்சி ஏதோ ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

2025 மே மாதம், அக்னி நட்சத்திரம் பிறந்த வாரம். மதியம் இரண்டரை மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. கொள்ளிடக் கரைப் பக்கத்துத் தோப்பில் காலையிலிருந்து வாழைத்தார் சுமந்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர். ஐம்பது வயது இருக்கும். சட்டையெல்லாம் வாழைக்கறை. பேச்சு குளறியது. கூட வந்தவர் என்னிடம் முதலில் சொன்னது இதுதான்: "குடிக்கலைங்க சிஸ்டர். சத்தியமா இன்னைக்குக் குடிக்கலை."

கையைப் பிடித்தேன். தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தேன், 105. அக்குளில் 105 என்றால் உள்ளே அதற்கும் மேலே இருக்கும். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நான் பார்க்கவில்லை.

எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு முந்தைய வருடம் ஒரு ஹோட்டலில், ஏசி ஹாலில், அரை நாள் பயிற்சிக்குப் போய்ப் பையும் சான்றிதழும் வாங்கி வந்தவள். உடம்புச் சூடு 104க்கு மேலே, புத்தியும் தடுமாறுகிறது என்றால் வெப்பவாதம் என்றே எடுத்துக்கொள், முதலில் ஆளைக் குளிரவை, மற்றதெல்லாம் பிறகு என்று அங்கே படித்துப் படித்துச் சொன்னார்கள். ஆடையைக் கழற்று, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்று, விசிறியைத் திருப்பு, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வை. காய்ச்சல் மருந்து இதற்குக் கேட்காது. காய்ச்சலில் மூளையே சூட்டை ஏற்றி வைக்கிறது, மருந்து கொடுத்தால் இறக்கிக்கொள்ளும். இதில் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கிவிடுகிறது. அரை மணி நேரத்துக்குள் இறக்கினால் பிழைக்க வைக்கலாம்.

டூட்டி டாக்டர் சின்னப் பையன். ஒரே நேரத்தில் ஆறு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பக்கவாதமா இருக்கலாம் சிஸ்டர், பாராசிட்டமால் போட்டுட்டு சி.டி.க்கு அனுப்புங்க" என்றார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. என் மகன் வயது, வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். "டாக்டர், இது ஹீட் ஸ்ட்ரோக்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாராசிட்டமாலை ஏற்றினேன், நெற்றியில் ஈரத்துணி ஒன்றைப் போட்டேன், சி.டி. அறைக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளச் சொன்னேன். அங்கே வரிசை. கேன்டீன் ஃப்ரீஸரில் ஐஸ் இருந்தது. எங்கள் தளத்திலிருந்து நாற்பது படி. ஐஸ் வைக்க எந்த டாக்டருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

அவருக்கு வியர்த்திருந்தது. வெப்பவாதம் என்றால் தோல் வறண்டிருக்கும் என்று அந்தக் காலத்துப் பாடம், அதனால்தான் சந்தேகப்பட்டேன் என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெயிலில் பாடுபட்டு விழுகிறவனுக்கு வியர்வை இருக்கும் என்றும் அதே பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு டாக்டர், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "நோய் என்னன்னு நாங்க பார்த்துக்கறோம் சிஸ்டர்" என்றார். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளலாம், சௌகரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் டூட்டி சார்ட்டில் தீபாவளிக்கு லீவு இல்லையென்றால் என் குரல் மூன்றாவது மாடிவரை கேட்கும். முன்பு வேலை பார்த்த இடத்தில் பிரசவ வார்டு மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்தது. மே மாதத்தில் குழந்தைகளுக்கு உடம்பு கொதிக்கும். வார்டைக் கீழே மாற்றச் சொல்லி நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. என் மேஜைக்கு ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வைத்துக்கொண்டேன். அகமதாபாத்தில் ஒரு மருத்துவமனை பச்சிளங்குழந்தை வார்டை மேல்தளத்திலிருந்து கீழே இறக்கியது. வெயிலால் பாதிக்கப்படும் குழந்தைகள் குறைந்தார்கள். அதைப் படித்தபோது அந்த ஃபேன்தான் நினைவுக்கு வந்தது.

வாழைத்தார் சுமந்து வந்தவர் ஐந்து மணிக்குள் போய்விட்டார். இதயமும் மூச்சும் நின்றதால் மரணம் என்று எழுதினார்கள். யாருக்குத்தான் அப்படி இல்லை? நான் நோட்டை எடுத்துப் பூஜ்யம் போட்டேன். ஒன்று என்று போட்டால் போன் வரும். வயது, தொழில், எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி என்று ஒரு படிவம் வரும். டாக்டர் எழுதாததை நீங்கள் எப்படி எழுதினீர்கள் என்ற கேள்வி வரும். ஐந்தரைக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஸ்ரீரங்கத்தில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டில் இருப்பேன். பிடித்தேன். பாலத்தில் ஜன்னலோர சீட். கீழே காவிரியில் மணல்தான். ஜூனில் மேட்டூர் திறந்தால்தான் தண்ணீர்.

இதற்குப் பின் நடந்ததுதான் இன்னும் வெட்கம். மே 12 செவிலியர் தினம். பருவநிலை மாற்றம் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசினேன். சர்வதேச செவிலியர் மன்றம் 2018லேயே இது நம் வேலை என்று அறிக்கை விட்டது என்றேன். ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பார்த்து, கடும் வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கருக்கலைவு ஆபத்து இரண்டு மடங்கு என்று கண்டதைச் சொன்னேன். கைதட்டினார்கள். பொன்னாடையும் பிளாஸ்டிக் உறையில் ஒரு மரக்கன்றும் கொடுத்தார்கள்.

விளக்கேந்திய சீமாட்டி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலைப் பற்றியும் பேசினேன், விளக்கைப் பற்றி மட்டும். அந்த அம்மாள் ராணுவ மருத்துவமனைகளில் யார் காயத்தால் செத்தார்கள், யார் அசுத்தத்தால் வந்த நோயில் செத்தார்கள் என்று எண்ணிப் படம் போட்டுக் காட்டியவர். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராமல், 1876இல் தொடங்கிய சென்னை மாகாணப் பஞ்சத்தின்போது இங்கே பாசனம் வேண்டும் என்று லண்டனிலிருந்து எழுதிக்கொண்டிருந்தவர். ஆர்தர் காட்டனோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். நமக்கு முக்கொம்பு மேலணையைக் கட்டித் தந்த அதே காட்டன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனதே, அந்த அணை. செவிலிக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா, தெரியாது. என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் எதுவும் செய்ததுமில்லை.

எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கும் அகமதாபாத்தான் உதாரணம். 2010 மே மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகக் கணக்கெடுத்தார்கள். 2013இல் அந்த ஊர் வெயிலுக்கென்று செயல்திட்டம் போட்டது. நம் ஊரில் வெயிலை நோயாகவே நாம் நினைப்பதில்லை. சமயபுரத்தாள் மாசியிலிருந்து பச்சைப் பட்டினி இருந்து நீர்மோர், பானகம், இளநீர், துள்ளுமாவு மாதிரியானவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறாள், நமக்காக. அவளுக்குத் தெரிகிறது. நம் கேஸ் ஷீட்டுக்குத் தெரிவதில்லை.

ஆடி மாதம், இறந்துபோனவரின் மனைவி வந்தார். மஞ்சப்பையில் ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு, இறப்புச் சான்றிதழ். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. வெயிலால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று காகிதம் வேண்டும். ஊரில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"வெயில்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா சிஸ்டர்?"

"இல்லம்மா."

"அன்னைக்கு நீங்கதானே இருந்தீங்க?"

"ஆமாம்மா."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நின்றுகொண்டிருந்தார். ரெக்கார்டு ரூம் கீழ்த்தளத்தில் இருக்கிறது, பன்னிரண்டு மணிக்கு மேல் போங்கள் என்று அனுப்பிவைத்தேன். அங்கேயும் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். 105 என்று நான் எழுதிய தாள் ஒன்றுதான் சாட்சி. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம்.

பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது: தப்பாக எழுதிவிட்டால் சுரண்டாதே, ஒயிட்னர் வைக்காதே. குறுக்கே ஒரே கோடு போடு, பக்கத்தில் சரியானதை எழுது, தேதி போட்டுக் கையெழுத்துப் போடு. அந்தக் கோடை நோட்டு அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. சாவி என்னிடம். இந்த வருடம் இரண்டு முறை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு முறையும் டூட்டி மாறுகிற நேரம் வந்துவிட்டது.