பெயரறியாத் தோழன்

போரிலே மாண்டவனையும் போரிலிருந்து மீண்டவனையும் திருச்சபை எவ்வாறு கனம்பண்ணுதல் வேண்டும் என்னும் வினா எளிதில் விடை காணத்தக்கதன்று. பகைவரையும் நேசிக்கும்படி போதித்தவரின் ஆலயத்திலே, பகைவரைக் கொல்லச் சென்றவனுக்கு எத்தகைய இடமுண்டு? அவன் தன் உயிரைக் கொடுத்தான் என்பது உண்மை; பிறருயிரைக் கவரும் கருவியை ஏந்தினான் என்பதும் அதேயளவு உண்மை. இவ்வினாவை ஏட்டிலன்றிக் களத்திலே எதிர்கொண்டவருள் ஒருவர் டேவிட் றெயில்ற்றன் என்னும் அங்கிலிக்கன் குருவானவர்.

முதலாம் உலகப் போரிலே பிரித்தானியப் படையின் குருவாகப் பிரான்சில் பணிபுரிந்த அவர், 1916 ஆம் ஆண்டு ஒருநாள் அந்திப் பொழுதில், தோழனொருவனை நல்லடக்கஞ் செய்துவிட்டு, ஆர்மென்ரியேர் நகருக்கு அண்மையிலிருந்த தமது தங்குமிடத்துக்குத் திரும்பினார். அவ்வீட்டுத் தோட்டத்திலே ஒரு கல்லறை இருந்தது. அதன் தலைமாட்டில் நடப்பட்டிருந்தது செப்பமற்ற வெண்மரச் சிலுவை ஒன்று. புதையுண்டவன் பெயரறியப்படாத பிரித்தானியப் போர்வீரன் என்று அதிலே பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. யார் அவன்? அவனுக்காக எந்த வீட்டிலே விளக்கேற்றிக் காத்திருந்தனர்? அவ்வினாக்கள் குருவானவரை விட்டகலவில்லை.

போர் முடிந்து ஈராண்டு நிறையுமுன், 1920 ஓகஸ்டில், வெஸ்ற்மினிஸ்ரர் பேராலய முதல்வர் றைல் அவர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். அடையாளங் காணப்படாத வீரனொருவனின் உடலை அரசர்கள் துயிலும் அவ்வாலயத்திலே அடக்கஞ் செய்தல் வேண்டுமென்பதே அவர் வேண்டுகோள். முதலில் தயங்கிய மன்னர் ஐந்தாம் ஜோர்ஜ் பின்னர் இசைந்தார். 1920 நவம்பர் 11 ஆம் நாள் அடக்கம் நிகழ்ந்தது. இன்னாருடைய உடல் என்று எவராலும் சொல்ல முடியாமையே அதன் சிறப்பு; மகனின் உடலைக் காணாத ஒவ்வொரு தாயும் அவனைத் தன் மகனென்று எண்ணி அழலாம். அவன் பெயரை அறிந்தவர் கடவுள் ஒருவரே.

அவ்வீரனின் பேழையைச் சற்றே நோக்குதல் தகும். சிலுவைப்போர்க் காலத்து வாளொன்று மன்னரின் கொடையாக அதன் மூடியிலே பொருத்தப்பட்டிருந்தது. அதன்மேற் போர்த்தப்பட்டது றெயில்ற்றனின் கொடி. போர்முனையிலே நற்கருணை வழிபாட்டுக்குப் பீடத்துணியாகவும், இறந்தோரை மூடும் போர்வையாகவும் பயன்பட்ட துணி அது. போருக்குத் திருநிறம் பூசிய மரபு வாளிலே பேசியது. மாண்டவனருகே முழந்தாளிட்ட மரபு கொடியிலே பேசியது. அரச ஆடம்பரம் மிகுந்த அச்சடங்கிலே கிறிஸ்தவத்துக்கு உரியதென்று துணிந்து சொல்லத்தக்கது அக்கொடியே எனலாம்.

றெயில்ற்றன் முன்வைத்த இன்னொரு வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. கல்லறையிலே 'பெயரறியாப் போர்வீரன்' என்றன்றிப் 'பெயரறியாத் தோழன்' என்று பொறிக்கலாகாதா என்று அவர் கேட்டிருந்தார். உறவினர் ஒருவர் கூறிய யோசனை அது. முதல்வர் இணங்கவில்லை. சிறிய சொல் மாற்றந்தானே என்று அதனை ஒதுக்கிவிட முடியாது. போர்வீரன் என்றால் அவன் செய்த தொழிலுக்கு மதிப்பு. தோழன் என்றால் அவனுக்கு மதிப்பு. போர்வீரனின் வேலை போரோடு முடிகின்றது. தோழனுக்கோ போரின் பின்னரும் நம்மீது உரிமையுண்டு.

அவ்வுரிமை எத்துணை விரைவாக மறக்கப்பட்டது! 1921 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களுட் பலர் களத்திலிருந்து மீண்டவர்கள். மாண்டோரை நினைவுகூரும் நாளிலே, மார்பிற் பதக்கங்களோடு அடகுச் சீட்டுகளையும் குத்திக்கொண்டு இலண்டன் வீதிகளில் அவர்கள் அணிவகுத்தமை அக்காலத்துச் செய்தி. மாண்டவன் ஒன்றுங் கேட்பதில்லை. ஆதலால் அவனைக் கனம்பண்ணுதல் எளிது. உயிரோடு வந்தவன் உணவு கேட்கிறான், வேலை கேட்கிறான்; சில வேளைகளில் இரவிலே அலறுகிறான்.

1921 நவம்பரில் அக்கல்லறைமீது கரிய பெல்ஜியச் சலவைக்கல் பதிக்கப்பட்டது. அதன் நடுவே 'போர்வீரன்' என்னும் சொல் நிற்கின்றது. ஓரத்திலே, யோவான் நற்செய்தியின் 15 ஆம் அதிகாரத்திலே மேலான அன்பைப்பற்றி இயேசு கூறிய வாக்கியத்தின் முற்பாதி மாத்திரம் வெட்டப்பட்டுள்ளது. உயிரைக் கொடுப்பது யாருக்காக என்று கூறும் பிற்பாதி கல்லில் இல்லை. தமிழ் வேதாகமத்திலே அவ்விடத்தில் நிற்கும் சொல் 'சிநேகிதர்' என்பதாகும்.