பெனோலாவில் ஒரு பகல்

ஆஸ்திரேலிய நாட்டில் குடும்பத்தோடு ஊர் காணப் புறப்படுவோர் பலர் தங்கும் விடுதியைத் தேடுவதில்லை. படுக்கையும் அடுப்பும் மேசையும் அமைந்த சக்கர வீடொன்றைக் காரின் பின்னே பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகின்றனர். 'கேரவன்' என்பது அதன் பெயர். அதனை நிறுத்துவதற்கென்றே, குடிநீரும் மின்சாரமும் உள்ள திடல்கள் ஊர்தோறும் உண்டு. அங்கே வண்டியைக் கழற்றி விட்டால் அன்றைய பகல் முழுதும் நம்முடையதே.

அத்தகைய பகலொன்றை ஆர அமரக் கழிக்கத் தக்க ஊர் பெனோலா. தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், மவுண்ட் கேம்பியர் நகருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1850இல் அலெக்சாண்டர் கேமரன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் அமைத்த ஊர் இது. இன்றும் இங்கு வாழ்வோர் இரண்டாயிரம் பேருக்கும் குறைவே.

காலையில் வடக்கே சென்றால் கூனவாரா திராட்சைத் தோட்டங்கள். சுண்ணாம்புப் பாறையின்மேல் மெல்லிய போர்வைபோல் செம்மண் படிந்த ஒடுங்கிய நிலம் அது. 1890இல் ஜான் ரிடாக் என்பவர் அங்குத் திராட்சை பயிரிட வழிவகுத்தார். இன்று அதன் இரசம் உலகெங்கும் பெயர் பெற்றது.

வெயில் ஏறுமுன் ஊருக்குத் திரும்பி, 'பெட்டிகோட் லேன்' என்னும் பழைய சந்தில் நடக்கலாம். முதற் குடியேறிகளின் சிறு வீடுகளை அப்படியே காத்து வருகின்றனர். செருப்புத் தைத்துப் பிழைத்த ஷாரம் என்பவரின் குடில் அவற்றுள் ஒன்று. பிள்ளைகள் நிறைந்த அக்குடும்பம் இத்துணைச் சிறிய இடத்தில் எவ்வாறு வாழ்ந்ததோ என்ற வியப்பு எழும். கூடவே மற்றொரு கேள்வியும் எழும்: இத்தகைய எளியோரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் யார்?

விடை சற்றுத் தொலைவிலேயே இருக்கிறது. 1860இல், தம் பதினெட்டாம் வயதில், கேமரன் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்தவர் மேரி மெக்கிலப். கேமரன் அவருக்கு உறவினர். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவரான மேரி, குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பால் இளமையிலேயே உழைக்க நேர்ந்தவர். பங்குத்தந்தை ஜூலியன் டெனிசன் உட்ஸ் குதிரைமீதேறிப் பரந்த தம் பங்கைச் சுற்றி வந்தபோது, கல்வியும் மறையறிவும் இன்றி வளரும் பிள்ளைகளைக் கண்டு வருந்தியிருந்தார். 1866இல் இருவரும் சேர்ந்து, கைவிடப்பட்ட ஒரு குதிரை லாயத்தில் பள்ளி தொடங்கினர். மேரியின் தம்பியே அதைச் செப்பனிட்டுக் கொடுத்தார். கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருந்தது. புனித சூசையப்பர் கன்னியர் சபையும் அவ்வாண்டே பிறந்தது. அடுத்த ஆண்டு எழுந்த கற்பள்ளி இன்றும் நிற்கிறது. அதன் உள்ளே சற்று நேரம் அமர்ந்திருப்பதே பெனோலாப் பயணத்தின் சாரம்.

பாதை எளிதாக இருக்கவில்லை. சபை நிர்வாகம் பற்றிய பூசலில் 1871இல் ஆயர் அவரைத் திருச்சபையினின்றே விலக்கி வைத்தார். மேரி மனக்கசப்புக்கு இடந்தராமல் பொறுத்திருந்தார். மறு ஆண்டு, மரணம் நெருங்கிய வேளையில், அந்த ஆயரே தடையை நீக்கினார். 1909இல் இறந்த மேரியை 2010 அக்டோபர் 17ஆம் நாள் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் புனிதராக அறிவித்தார். ஆஸ்திரேலியாவின் முதல் புனிதர் அவரே.

அவருடைய கன்னியர் பெரிய மடங்களைக் கட்டிக்கொண்டு, மக்கள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இருவர் மூவராய்ப் பிரிந்து, உழவரும் சுரங்கத் தொழிலாளரும் வாழ்ந்த இடங்களுக்கே சென்று, அவர்களைப்போலவே சிறு குடில்களில் தங்கினர். நாம் இன்று ஓய்வுக்காக வீட்டைப் பூட்டி இழுத்துச் செல்கிறோம். அவர்களோ பிறர் பிள்ளைகளுக்காக வீட்டையே துறந்து சென்றனர். மாலையில் கேரவனுக்குத் திரும்பும் குடும்பம் இவ்வேறுபாட்டைத் தன் பிள்ளைகளோடு பேசி மகிழுமாயின், அப்பகல் வீண்போகவில்லை.