மலையை அண்ணாந்து பார்க்கும் மனிதர்கள்... ஜூலை 26-ல் திராஸ்!

ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குப் போகும் நெடுஞ்சாலையில், சோஜி லா கணவாயைத் தாண்டியதும் பச்சை நிறம் மெல்ல மெல்ல காணாமல் போகும். பைன் மரங்கள் பின்னால் தங்கிவிடும். இரண்டு பக்கமும் மொட்டை மலைகள், நடுவே ஓடும் ஆறு, ஆற்றை ஒட்டிச் சின்னச் சின்ன வயல்கள். இந்தப் பாதையில் ஊர் என்று சொல்லும்படி வரும் முதல் இடம் திராஸ்.

நெடுஞ்சாலையேதான் கடைத்தெரு. டீக்கடைகள், சாப்பாட்டுக் கடைகள், லாரிக்கு பஞ்சர் ஒட்டும் இடங்கள்... நடந்தே சுற்றிவிடலாம். சுமார் 3,200 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். 'மனிதர்கள் வசிக்கும் இடங்களில் உலகிலேயே இரண்டாவது குளிரான இடம்' என்று பெருமையாக ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள் பயணிகள்.

ஆனால், ஜூலை கடைசி வாரத்தில் இந்த ஊருக்கு வருகிறவர்கள் வேறு மாதிரியானவர்கள். அவர்கள் போர்டைப் பார்ப்பதில்லை. மலையைப் பார்க்கிறார்கள்.

சாலையைப் பார்த்தபடி ஒரு மலை

ஊரைத் தாண்டி கார்கில் பக்கமாகச் சில கிலோமீட்டர் போனால், டோலோலிங் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கார்கில் போர் நினைவிடம். அங்கே நின்று மேலே பார்த்தால், 1999-ல் என்ன நடந்தது என்பது பாடப்புத்தகம் இல்லாமலே புரியும்.

எல்லைக் கோட்டை ஒட்டிய உயரமான காவல் நிலைகளை, பனிக்காலத்தில் காலி செய்துவிட்டு வெயில் காலத்தில் திரும்பிப் போவது அப்போது வழக்கமாக இருந்தது. அந்த இடைவெளியில் பாகிஸ்தான் படையினர் ஊடுருவி சிகரங்களில் உட்கார்ந்துகொண்டார்கள். டோலோலிங் மேல் இருப்பவருக்குக் கீழே நெடுஞ்சாலையில் ஊரும் ஒவ்வொரு லாரியும் தெரியும். லடாக்குக்கு அரிசியும் டீசலும் போகிற பாதை அது. குண்டுகள் சாலையிலும் ஊரிலும் விழுந்தன.

மேலே இருப்பவரைக் கீழிருந்து ஏறிப்போய்த்தான் விரட்ட வேண்டும். மறைந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாத சரிவு. பகலில் ஏறினால் குறி தப்பாது. அதனால் பெரும்பாலும் இரவில், கடுங்குளிரில், பாறையைப் பிடித்து ஏறினார்கள் நம் வீரர்கள். சாலையோரம் நிறுத்தப்பட்ட போஃபர்ஸ் பீரங்கிகள் சிகரங்களை நோக்கிச் சுட்டன. பல நாள்கள், பல உயிர்களை விலையாகக் கொடுத்த பிறகு ஜூன் 13-ல் டோலோலிங் மீட்கப்பட்டது. ஜூலை 4-ல் டைகர் ஹில். ஜூலை 26-ல் போர் முடிந்தது.

அரசுக் கணக்குப்படி உயிரிழந்தவர்கள் 527 பேர். காயமடைந்தவர்கள் 1,363 பேர்.

விளக்குகள் எரியும் மாலை

நினைவு நிகழ்ச்சி ஒரு நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. ஜூலை 25 மாலை, நினைவிடத்தில் வரிசை வரிசையாக விளக்குகள் ஏற்றுகிறார்கள். இருட்ட இருட்ட, பின்னால் இருக்கும் மலை மறைந்து விளக்குகள் மட்டும் தெரியும்.

மறுநாள் காலை மலர் வளையம் வைக்கும் சடங்கு. 'விஜய் பாதை' எனப்படும் நீண்ட நடைபாதையின் முடிவில் அணையாத ஜோதி. அதன் பின்னால், உயிர் நீத்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்ட சுவர். பியூகிளில் 'லாஸ்ட் போஸ்ட்' இசைக்கப்படும்போது கூட்டம் அப்படியே உறைந்து நிற்கும். பிறகு மௌனம். அந்த நேரத்தில் கேட்பது மலைக்காற்றில் கொடி படபடக்கும் சத்தம் மட்டும்தான்.

தலைவர்களும் தளபதிகளும் மரியாதை செலுத்தி நகர்ந்த பிறகு சுவருக்கு அருகே வருகிறார்கள் குடும்பத்தினர். தங்கள் பிள்ளையின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, எழுத்துகளின் மேல் விரல் வைத்துத் தடவுகிறார்கள். பிள்ளைக்கு அதே இருபத்து சொச்சம் வயதுதான். அம்மாவுக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் வயது கூடுகிறது.

இன்னொரு பக்கம், கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு முன்னாள் வீரர்கள். அன்று இருபது வயதில் ஏறியவர்களுக்கு இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. டைகர் ஹில் செங்குத்துப் பாறையில் ஏறி, உடம்பு முழுக்கக் குண்டு வாங்கிய யோகேந்திர சிங் யாதவுக்கு அப்போது வயது 19. முதலில் அவர் இறந்துவிட்டதாக நினைத்தே பரம்வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. அவரோ மருத்துவமனையில் பிழைத்துக்கொண்டிருந்தார்! பிழைத்து வந்தவர்கள், வராதவர்களின் பெயர்களுக்கு முன்னால் நின்று சல்யூட் அடிக்கும் காட்சிதான் இந்த நிகழ்ச்சியிலேயே பார்ப்பவரை அதிகம் உலுக்குவது.

மகன் அழைத்த இடம்

கேப்டன் விஜயந்த் தாப்பருக்கு 22 வயது. 1999 ஜூன் இறுதியில், திராஸ் பகுதியில் நடந்த சண்டையில் உயிரிழந்தார். கடைசித் தாக்குதலுக்குப் போகும் முன் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் சில விஷயங்களைக் கேட்டிருந்தார். முடிந்தால் நாங்கள் சண்டை போட்ட இடத்தை வந்து பாருங்கள். ஆதரவற்றோர் இல்லத்துக்குப் பணம் கொடுங்கள். காஷ்மீரில் பழகிய ருக்சானா என்ற சிறுமிக்கு மாதம் 50 ரூபாய் கொடுத்து உதவுங்கள் என்று.

அவருடைய அப்பாவும் ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வுபெற்றவர். மகன் கேட்டபடியே திராஸுக்கு வந்தார். ஒருமுறையோடு நிற்கவில்லை, பல ஆண்டுகள் தொடர்ந்து வந்தார். வயதான காலத்திலும் மகன் விழுந்த இடத்தை நோக்கி மலை ஏறினார்.

சீருடை போடாதவர்கள்

இந்தப் போரில் சீருடை இல்லாதவர்களுக்கும் பங்கு உண்டு. படாலிக் பகுதியில், காணாமல்போன தன் யாக் மாட்டைத் தேடிப்போன தாஷி நம்கியால் என்ற மேய்ப்பர்தான், மே மாதத் தொடக்கத்தில் மலைமேல் அந்நியர்கள் இருப்பதைப் பார்த்து ராணுவத்துக்குத் தகவல் சொன்னார். 2024 டிசம்பரில் அவர் காலமானபோது ராணுவம் அவருக்கு அஞ்சலி செலுத்தியது.

திராஸ் மக்களும் அப்படித்தான். குண்டுவீச்சில் வீடுகளைப் போட்டுவிட்டுக் குடும்பங்கள் வெளியேறின. ஆனால், ஊர் ஆண்கள் சிலர் தங்கி, வெடிபொருள்களையும் சாப்பாட்டையும் முதுகில் சுமந்து மலைமேல் கொண்டுபோனார்கள். அவர்களில் இன்று தாத்தாவாகிவிட்டவர்களுக்கு, அந்த மலையின் ஒவ்வொரு வளைவும் தெரியும்.

திருச்சியிலிருந்து ஒருவர்

அந்தச் சுவரில் தமிழர்களின் பெயர்களும் உண்டு. திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன், பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனைச் சேர்ந்தவர். 1999 மே 29-ல் படாலிக் பகுதியில் எதிரிகளின் நிலையைத் தாக்கியபோது உயிரிழந்தார். சண்டையின் கடுமை காரணமாக, அவரது உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வீர் சக்ரா விருது அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. திருச்சியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. லடாக் போக முடியாதவர்கள் அங்கே போய் ஒரு பூ வைக்கலாம்.

எப்படிப் போகலாம்?

ஸ்ரீநகரிலிருந்து திராஸ் சுமார் 140 கி.மீ. கார்கிலிலிருந்து சுமார் 60 கி.மீ. சோனமார்க் சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறக்கப்பட்டதால், அதுவரைக்குமான பயணம் எளிதாகிவிட்டது. சோஜி லா மட்டும் குளிர்காலத்தில் பனியால் மூடிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல நேரம். உயரம் காரணமாக மூச்சு வாங்கலாம். முதல் நாள் ஓய்வெடுப்பது நல்லது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு தேவை. ஆதார் போன்ற அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 25, 26 தேதிகளில் பாதுகாப்புக் கெடுபிடி அதிகம் என்பதால், அமைதியாகப் பார்க்க நினைப்பவர்கள் வேறு நாள்களில் போகலாம்.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். திராஸ் கடைத்தெருவில் மறுபடியும் லாரிகள் வந்து நிற்கும். பதக்கங்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு முன்னாள் வீரர்கள் அவரவர் ஊருக்குத் திரும்புவார்கள். நம் ஊர் பேங்க் வாசலிலும் ஏ.டி.எம் முன்னாலும் காவலுக்கு நிற்கும் பெரியவர்களில் பலர் ராணுவத்திலிருந்து வந்தவர்கள்தான். அடுத்த முறை பார்க்கும்போது, "ஐயா, எந்த ரெஜிமென்ட்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள். அதற்கு லடாக் வரை போக வேண்டியதில்லை.